கயிறு பிடிக்காதது

எண்பத்திரண்டு கிலோ.
மீன் கம்பெனித் தராசில் ஏற்றிப் பார்த்து
மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறேன்,
"சின்ன மிஷின்தானே" என்று
ஒற்றைக் கையை நீட்டி வருகிறவர்களுக்காக.

தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியனுக்கு
காலையெல்லாம் பாத்தி கிளறிய பவர் வீடர்.
விரலில் எச்சில் தொட்டு
சைலன்சர் மேல் உதறினேன்.
சுர்ர்.
ஆறட்டும், என்றேன்.
சேகனாவுக்குப் பொறுக்கவில்லை.
அவன் குட்டியானைக்கு மண்டபத்தில்
அடுத்த வாடகை காத்திருக்கிறது, ஐஸ் உருக உருக.

இருந்தாலும் ஆறட்டும்.
ஆறிய பிறகுதான் டேங்கைத் திறந்து
பெட்ரோலைக் கேனில் வடித்தேன்.
"பீடியை அந்தப் புளியமரத்துக்கு அங்கிட்டுப் போய்க் குடி."
போனான், முனகிக்கொண்டே.
கத்திகளுக்கு உரச்சாக்கு சுற்றினேன்.
இரண்டு பலகை, ஒன்று உடைந்த வள்ளத்தினது.
தள்ளி ஏற்றும்போது
நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.
நழுவினால்
வாடகை யார் கொடுத்தது, சோறு யார் தின்றது
எதுவும் அதற்குத் தெரியாது.

நீலக் கயிறு. நான்கு மூலை.
நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சு.
கேனை நிமிர்த்தித் தனியே கட்டினேன்.

"கித்தேரியக்கா, பின்னால ஏறிப் பிடிச்சிக்கிட்டு வாங்க."

கயிறு பிடிக்காததை
என் கை பிடிக்குமா தம்பி?
முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பாம்பன் பாலத்தில் கச்சான்
வண்டியைத் தோளால் இடித்தது.
நடுப்பாலத்தில் ஒரு வெள்ளைக் கார்
கடலைப் படம் பிடிக்க நின்றுவிட்டது.
சேகனா பிரேக்கில் எழுந்தே நின்றான்.
பின்னால் கயிறு ஒருமுறை
டொய்ங் என்றது.
நான் திரும்பவில்லை, காதால் பார்த்தேன்.
அடுத்த சத்தம் வரவில்லை.
அவன் கெட்ட வார்த்தையெல்லாம்
கார்க்காரனுக்கு.

உச்சிப்புளிக்குக் கிழக்கே
தென்னைக்கு நடுவே தில்லைவனத்தின் நிலம்.
"சுத்தமான மணல், கல்லே கிடையாது."
நடந்து பார்த்தேன்.
அரைச் சங்கு, பாட்டில் கழுத்து,
ஒரு செங்கல், யாரோ தேடி விட்டுவிட்ட பூட்டு.
கம்பு ஊன்றிய இடமெல்லாம் சரி.
ஊன்றாத இடத்தில் இருந்தது வலை.

மூன்றாவது சாலில்
இழுத்துச் சுற்றிக்கொண்டு மிஷின் கத்தியது.
கிளட்ச்சை விட்டேன். கத்தி நின்றது,
என்ஜின் நிற்கவில்லை.
அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.
நைலான் நூலை நோக்கி
அவ்வளவு பிரியமாக
ஒரு கை.

கையை எடு!

வயசுக்கு மூத்தவரை
ஒருமையில் அதட்டியது அன்றுதான்.

அணைத்தேன். போதாது.
பிளக் தொப்பியைப் பிடுங்கி
ஓரமாகத் தொங்கவிட்டேன்.
இப்போதுதான் தூங்குகிறது;
அதுவரை சும்மா கண்ணை மூடியிருந்தது.

நண்டு வலை.
என்றைக்கோ மணலுக்குள் போனது,
இன்னும் பிடிப்பதை மறக்கவில்லை.
அரிவாளால் கண்ணி கண்ணியாக அறுத்தேன்,
அரை மணி நேரம்.
"இந்த வெயிலில் எதுக்கும்மா முழங்கால் பூட்ஸ்?"
என்று கேட்டார்.
உள்ளே இடது காலில் நான்கு விரல்.
இதை வாங்கியது அதற்கு மறுநாள்.
"முள்ளுக்கு" என்றேன்.

சாயங்காலம்
வலை அறுத்த அரை மணியை
வாடகையில் கழிக்கச் சொன்னார்.
கழிக்கவில்லை.
முறைத்தபடியே நோட்டுகளை எண்ணினார்,
எச்சில் தொட்டு,
ஐந்து விரலும் அசைய.

தெருமுனையில் சேகனாவின் ஹாரன்.
நான் சைலன்சர் மேல் உதறினேன்.
சுர்ர்.
தென்னை நிழலைப் பார்த்து உட்கார்ந்தேன்.